துணிப்பைக்குள் சொற்கள்

திங்கள்

பனியன் கம்பெனி வாசலில் மூட்டை மூட்டையாய்க் கிடக்கும் கட்டிங் வேஸ்ட்டில் ஒரு பை நிறையக் கேட்டு வாங்கி வந்தேன். திருப்பூரில் அங்கன்வாடி நடத்துகிறவளுக்கு விளையாட்டுச் சாமானுக்குப் பஞ்சமே இல்லை. ரிப் துணி, ஃப்ளீஸ், எலாஸ்டிக், பிரின்ட் அடித்து விறைத்துப்போன துண்டு, நூல் சுற்றிய கோன். எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு வாயைச் சுருக்கிக் கட்டினேன். கையை உள்ளே விடலாம், எட்டிப் பார்க்கக் கூடாது. கைக்கு என்ன தட்டுப்படுகிறதோ அதைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவே இல்லை. கை உள்ளே போனதும் தானாக மூடிக்கொள்கிறார்கள். ஒரு பையனின் விரல் பைக்குள் ஊர்வது வெளியிலிருந்தே தெரிந்தது. நின்றது, திரும்பிப் போனது, அதே இடத்தை மறுபடி தேய்த்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு நிமிடம் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்திராத பிள்ளை அவன். கடைசியில், “எங்கப்பா கன்னம்” என்றான். பிரின்ட் துண்டு. “ஆமா கண்ணு, சொரசொரன்னு இருக்குதில்ல?” என்றேன். “சொரசொர” என்று சொல்லிக்கொண்டே தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

அதன் பிறகு வரிசையாக வந்தன: வழுவழு, பொசுபொசு, மொறமொற. எதையும் பலகையில் எழுதிப் போடவில்லை. கைக்குத் தெரிந்துவிட்ட ஒன்றுக்குப் பெயர் கேட்டுக் குழந்தை நம் முகத்தைப் பார்க்கும். அந்த நொடியில் கொடுக்கிற சொல் மறப்பதே இல்லை.

செவ்வாய்

காலையில் ஒரு அப்பா வண்டியை நிறுத்தாமலே கேட்டார். “ஏனுங் டீச்சர், எப்பப் பார்த்தாலும் வெளையாட்டுதானுங்களா? பக்கத்து வீட்டுக் கொழந்தை எல்கேஜி போவுது, ஏபிசிடி முச்சூடும் எழுதுதுங். நம்மளுது இன்னும் அ, ஆ கூட எழுதலீங்களே.”

அவர் கவலை பொய்யில்லை. எழுதத் தெரிந்தால்தான் சேர்ப்போம் என்று சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. மூன்றரை வயதுக் குழந்தையின் விரல் பென்சிலை அழுத்தி அழுத்திச் சிவந்துபோய் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கச் சகிக்காது. துணியைக் கிழிக்கட்டும், நூல் பிரிக்கட்டும், மாவு பிசையட்டும், முட்டை உரிக்கட்டும். அந்த விரல் பிறகு பென்சிலைத் தானே பிடிக்கும். அரசு எங்களுக்குக் கொடுத்திருக்கும் பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’. 1975இல் அங்கன்வாடித் திட்டம் தொடங்கிய நாளிலிருந்தே சத்துணவும் தடுப்பூசியும் எப்படியோ, பள்ளிக்கு முந்தைய கல்வியும் அப்படியே அதன் பங்கு. ஊர் இன்னும் எங்களைச் சோறு போடும் இடமாகத்தான் பார்க்கிறது.

“ஒரு நாள் ஷிப்டு இல்லாதப்ப வந்து அரை மணி நேரம் உக்காந்து பாருங்ணா” என்றேன். சரிங் என்று போனார்.

புதன்

மௌன விளையாட்டு.

கைகட்டி வாய்பொத்தும் அமைதி எனக்கு உடன்பாடில்லை. அது பயம். இந்த விளையாட்டு வேறு. மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். ஒரு நாள் முற்றத்தில் ஒரு தாயிடமிருந்து நான்கு மாதக் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் வந்தார். இந்தப் பாப்பா எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாருங்கள், உங்களால் முடியுமா என்று கேட்டார். பிள்ளைகள் மூச்சையும் அடக்கிக்கொண்டு முயன்றார்கள். அப்படிப் பிறந்தது இது. அந்த அம்மையார் 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் நம் அடையாறுக்கு வந்தார். உலகப் போரால் ஊர் திரும்ப வழியின்றி 1946 வரை இங்கேயே இருந்தார். கொடைக்கானலிலும் குழந்தைகளோடு வேலை செய்திருக்கிறார். இப்போது பெரிய பள்ளிகளில் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று தனி வகுப்பு வைக்கிறார்கள். நல்லதுதான். அதற்குக் கட்டணமோ வண்ணப் பாயோ தேவையில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான் கதவுக்குப் பின்னால் போய் நின்று ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுத்தேன். பெயர் காதில் விழுந்த பிள்ளை சத்தமில்லாமல் எழுந்து வர வேண்டும். சுற்றிலும் பவர் டேபிள் தையல் மெஷின்கள் ஓடும் தெருவில் இது லேசான காரியமில்லை. எல்லோரும் வந்தார்கள். சேர்ந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாத பீகார்ச் சிறுமியும் வந்தாள். அவள் அம்மா பக்கத்துக் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார். பேச்சு நடக்கும் நேரமெல்லாம் சுவரோரம் ஒட்டி நிற்கும் அந்தப் பிள்ளை, பேச்சே இல்லாத இந்த விளையாட்டில் எல்லோரையும் போல ஒருத்தி. நுனிக்காலில், பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தாள்.

பிறகு வட்டமாக உட்கார்ந்து என்ன கேட்டது என்று பேசினோம். மெஷின், காக்கா, ஆயாம்மாவின் குக்கர். அவள் முறை வந்தது. தாண்டிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் உதட்டைக் குவித்து, “டப்... டப்...” என்றாள். யாருக்கும் புரியவில்லை. மறுபடி அமைதியாகக் காது கொடுத்தோம். பின்பக்கம் சின்டெக்ஸ் தொட்டியின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பையன் ஓடிப்போய்க் குழாயை இறுக்கிவிட்டு வந்து, “தண்ணி சொட்டுது டீச்சர், அவதான் கண்டுபிடிச்சா” என்றான். “சொட்டு” என்றாள் அவள், யாரும் சொல்லச் சொல்லாமலே.

வியாழன்

சத்துமாவில் வெந்நீர் விட்டு அவரவர் உருண்டையை அவரவரே பிடிக்கச் சொன்னேன். வெல்லம் சேர்ந்த மாவு, விரலில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. “பிசுபிசு” என்று நான் தொடங்க, பிள்ளைகள் கத்தினார்கள். அந்தப் பீகார்ச் சிறுமி தன் விரல்களை ஒட்டி ஒட்டிப் பிரித்துப் பார்த்துவிட்டு, “சிப்சிப்” என்றாள்.

இந்தியில் அது சரியான சொல். எம்.ஏ. தமிழ் படித்தபோது மொழியியலாளர் எமனோவைப் பற்றி ஆசிரியர் சொன்னது நினைவுக்கு வந்தது. திராவிட வேர்ச்சொல் அகராதியை பரோவுடன் சேர்ந்து தொகுத்தவர். இப்படி இரட்டித்து வரும் ஒலிக்குறிப்புச் சொற்கள் வட மொழிகளுக்கும் தென் மொழிகளுக்கும் பொதுவான இயல்பு என்று 1969இல் கட்டுரை எழுதினார். தொல்காப்பியர் இரட்டைக்கிளவி என்று இலக்கணம் வகுத்ததும் இந்த வகைச் சொற்களுக்குத்தான். புத்தகத்தில் படித்தது மாவு ஒட்டிய கையோடு என் முன்னால் உட்கார்ந்திருந்தது.

பத்து நிமிடத்தில் வகுப்பே “சிப்சிப்” என்றது. தன் சொல்லை எல்லோரும் சொல்வதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்தது. பதிலுக்கு, “பிசுபிசு” என்றாள். ஒரு மொழியைக் கொடுக்க இன்னொன்றைப் பிடுங்க வேண்டியதில்லை.

வெள்ளி

தூங்கும் முன் பாயில் படுக்கவைத்து, வயிற்றின் மேல் காகிதக் கப்பல் வைத்தோம். மூச்சு இழுத்தால் கப்பல் ஏறும், விட்டால் இறங்கும். அவ்வளவுதான். கோபம் வந்தால் கடித்துவிடும் ஒரு பிள்ளைக்காக இதைத் தொடங்கினேன். இன்று பென்சில் டப்பாவுக்குச் சண்டை வந்தபோது அவனே, “டீச்சர், கப்பல்” என்று வந்து படுத்தான். கடிப்பது இன்னும் முழுதாக நிற்கவில்லை. நிற்கும்.

செவ்வாய்க்கிழமை கேட்ட அப்பா இன்று வந்து அரை மணி நேரம் இருந்தார். மகளோடு பைக்குள் கைவிட்டுப் பார்த்தார். தினமும் தைக்கிற ரிப் துணிதான், கண்ணால் பார்க்காமல் தொட்டபோது அவருக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அடுத்த வாரம் வெவ்வேறு துணியாகக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்.

மாலையில் பிள்ளையை அழைத்துப்போக வருகிற எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். இன்னிக்கு என்ன எழுதினே என்று கேட்காதீர்கள். என்ன தொட்டே, என்ன கேட்டே என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் எந்த மொழியோ அந்த மொழியிலேயே கேளுங்கள். குழந்தை யோசித்துப் பதில் சொல்லும்வரை வண்டியைக் கிளப்பாதீர்கள்.