ஒன்பது யூரோ கோடை

ஜூன் 17, 2022
அப்பாயி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிவு. மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் போக வழியில்லை. வசிப்பிட அனுமதி இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க எழுதிப்போட்டாயிற்று; பதில் வருவதற்குள் நாட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விடுவார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஜெர்மனிக்குள் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம். அதற்குத் தோதாக இந்தக் கோடையில் 9 யூரோ டிக்கெட்: மாதம் முழுக்க, நாடு முழுக்க, உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றுக்கும். அறையில் இருந்தால் போனையே வெறித்துக்கொண்டிருப்பேன்.

ஜூன் 19
விட்டன்பெர்க். ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. லூதர் 1517-இல் தன் 95 வாதங்களை அறைந்ததாகச் சொல்லப்படும் கதவு 1760-இலேயே எரிந்துபோனது. இப்போதிருப்பது 1858-இல் வைத்த வெண்கலக் கதவு. அதன்முன் நின்று படம் எடுக்கத்தான் அத்தனை கூட்டம்.

என்னை நிறுத்தியது ஊர்க்கோயில் சுவரின் உச்சியில் இருந்த இன்னொன்று. 13-ஆம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பம்: ஒரு பன்றி, அதன் மடியில் பால்குடிக்கும் யூதர்கள். அகற்றச் சொல்லி ஒரு யூதர் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போனார். போன செவ்வாய்க்கிழமைதான் தீர்ப்பு: இருக்கலாமாம். கீழே தரையில் 1988-இல் பதித்த நினைவுத் தகடும் விளக்கப் பலகையும் அதை நினைவுச்சின்னமாக மாற்றிவிட்டனவாம். பக்கத்தில் பலகை நட்டால் வசவு வசவில்லை என்று ஆகிவிடுமா? எனக்கு ஒப்பவில்லை. பெயர்த்தெடுத்து அருங்காட்சியகத்தில் வைப்பதற்கு என்ன?

ஜூன் 22
ஆபரேஷன் முடிந்தது. அம்மா வீடியோவில் காட்ட மாட்டேன் என்கிறாள்.

ஜூலை 9
ஹாலே. பிராங்கே 1698-இல் தொடங்கிய அனாதை இல்லம். அதன் பரண்மாடியில் அதிசயப் பொருள் அறை. கூரையிலிருந்து முதலை தொங்குகிறது. ஒரு பேழைக்குள் தமிழ்ப் பனையோலை. கண்ணாடியில் மூக்கு உரச நின்றும் ஒரு வரி பிடிபடவில்லை. புள்ளியும் இல்லை, இடைவெளியும் இல்லை. பள்ளியில் தமிழில் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான்!

மதம் பரப்பத் தமிழ்நாட்டுக்குப் போன சீகன்பால்கு இங்கே படித்தவர்தான். 1706-இல் இதே ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார். பிறகு டேனிஷ் ஆளுநரே அவரை நான்கு மாதம் சிறையில் போட்டார். ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்ததால், தரங்கம்பாடியிலேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு முடிந்தது. மீதமிருந்த நேரம் முழுக்க டிராமில் சும்மா சுற்றினேன். காரணமில்லாத சந்தோஷம்.

ஜூலை 24
வைமாரிலிருந்து பஸ்ஸில் புக்கன்வால்ட். கிட்டத்தட்ட 2,80,000 பேரை அடைத்துவைத்து, சுமார் 56,000 பேரைச் சாகடித்த இடம். வாயிற்கதவின் இரும்பு எழுத்துகள் வெளியிலிருந்து பார்த்தால் இடவலம் மாறித் தெரிகின்றன. உள்ளே அடைபட்டவன் படிப்பதற்காக வைத்தது. 'அவரவர்க்கு உரியது' என்கிறது. வடிவமைத்தவர் பிரான்ஸ் எர்லிஷ் என்ற கைதி, பௌஹவுஸில் படித்தவர். எழுத்துகளின் வளைவில் நாஜிகளுக்குப் பிடிக்காத அந்தப் பள்ளியின் பாணியையே நுழைத்துவிட்டார். காவலர்கள் அன்றாடம் பார்த்துக்கொண்டே போனார்கள்.

மைதானத்தில் ஓர் உலோகத் தகடு. வருடம் முழுக்க 37 டிகிரியில், மனித உடம்புச் சூட்டில் வைத்திருக்கிறார்கள். மண்டியிட்டுத் தொட்டேன். வெயிலில் சுற்றியிருந்த கல்லும் அதே சூடு. பனிக்காலத்தில் வர வேண்டும். அம்மாவின் மூன்று அழைப்புகளை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 5
தபால்பெட்டியில் பீட்சாக் கடை நோட்டீஸ்.

ஆகஸ்ட் 28
அப்பாயி வாக்கரைப் பிடித்துத் திண்ணைவரை வந்துவிட்டாளாம். போனில் ஒரே அதட்டல்: “நீ படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?” ஹாலேயைச் சொன்னேன். “நம்ம தரங்கம்பாடி சீகன்பால்கு ஐயரா? அவரு சொந்த ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லியா?” ஒருமுறை வந்து, கல்யாணமும் பண்ணிக்கொண்டு, 1716-இல் திரும்பப் போனார், 36 வயதில் அங்கேயே செத்துப்போனார் என்றேன்.

“போயிட்டுத் திரும்பி வந்தாரா? அவர மட்டும் எந்த ஆபீஸுல விட்டான்?”

ஆகஸ்ட் 31
டிக்கெட் இன்று நள்ளிரவோடு சரி. கடிதம் வரவில்லை. நௌம்பர்க் பேராலயம் பாக்கி. தனி டிக்கெட் என்ன விலை என்று பார்க்க வேண்டும்.