புரட்டிப் போட்ட பலகை

பாப்பாரப்பட்டியில் நம் பெற்றோர் இல்லத்து மச்சுக்குப் பதின்மூன்று மரப்படிகள் உண்டு. அவற்றுள் நான்காம் படி நடுவில் கிண்ணம்போல் குழிந்திருந்தது. மறைந்த தந்தையாரின் காலடித் தடம் அதுவெனக் கருதி, தம்பி அதனை மாற்ற முனைந்தபோதெல்லாம் நாம் தடுத்தோம். பங்கு இல்லத்தில் வாழும் நாம் ஆண்டுக்கு இருமுறையே அப்படிகளில் ஏறுகிறோம். அன்னையோ புளியும் கேழ்வரகும் எடுக்க அன்றாடம் ஏறினார். சென்ற மழைக்காலத்தில் அதே படியில் அவர் வழுக்கி விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. மறைந்தவரின் தடத்தைக் காத்த நாம், இருப்பவரின் கால்களை எண்ணவில்லை.

தச்சரை அழைத்தோம். பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தவர், கரையான் அரித்த இரண்டை மட்டும் நீக்கிப் புதுத் தேக்கு இட்டார். நான்காம் படியைக் கழற்றிப் புரட்டிப் போட்டார். ஓரங்கள் தேயாதிருந்தமையால் அது பக்கச் சட்டத்தில் சரியாக அமர்ந்தது. மெலிந்த நடுப்பகுதிக்கு அடியில் தாங்குகட்டை கொடுத்தார்.

உரோமையிலுள்ள திருப்படிகள் நம் நினைவுக்கு வந்தன. திருப்பயணிகள் முழந்தாளில் ஏறித் தேய்ந்த அந்த 28 பளிங்குப் படிகளை 1723-இல் மரப்பலகைகளால் மூடினார்கள். சீரமைப்புக்காக 2019-இல் பலகைகளை அகற்றியபோது, தேய்ந்த குழிகள் அடியில் அப்படியே இருந்தன. மூடியதால் அவை அழியவில்லை, ஏறுவோரும் இடறவில்லை.

அன்னை புதிய கைப்பிடியைப் பற்றி நான்காம் படியில் நின்றார். "அந்தப் பக்கம் உங்கப்பா தேய்ச்சது. இந்தப் பக்கம் நான் தேய்க்கிறேன், சாமி" என்றார்.