பல்லுக்கு மூணு

தூள் மாவாகப் பறந்தால் செயின் மொட்டை. சீவல் சீவலாக விழுந்தால் கூர் நிற்கிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் படித்ததில் பாதிக்கு மேல் போய்விட்டது, மாமா சொன்ன இது மட்டும் போகவில்லை.

மூங்கில்துறைப்பட்டில் மாமா வீடு. கரும்பு அரவை நடக்கும் மாதங்களில் கூட்டுறவு சர்க்கரை ஆலையின் மொலாசஸ் வாடை சோற்றுத் தட்டு வரைக்கும் வந்துவிடும். அதோடு பெட்ரோலும் டூ-டி ஆயிலும் கலந்து கொல்லையிலிருந்து ஒரு நெடி வரும். எனக்கு முழுப்பரீட்சை லீவு என்றால் அந்த இரண்டு வாடையும்தான்.

தாத்தா கைவாள் காலத்து ஆள். கட்டையைச் சாரத்தில் ஏற்றிக் கரிநூல் அடித்து, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று இழுக்கும் வேலை. கோடு பார்ப்பதும் கூலி பேசுவதும் மேல் ஆள். கீழ் ஆளுக்குக் கண்ணெல்லாம் தூள். தாத்தா கடைசி வரைக்கும் கீழ் ஆள்தான். வேப்பங்கட்டை அறுத்த நாளில் இட்லி கூடக் கசக்கிறது என்பாராம். மாமா மரம் அறுக்கும் மிஷின் வாங்கியதற்கு அதுவே காரணம் என்று அத்தை சொல்லுவாள்.

வாங்கியது ஸ்டில் 070, தொண்ணூறுகளில், செகண்ட் ஹேண்டில். 106 சிசி. அப்போது தெருவில் ஓடிய ஹீரோ ஹோண்டாவின் இன்ஜினே 100 சிசிக்குள்தான். அதைவிடப் பெரியதை மாமா கையில் தூக்கிப் பிடித்து நிற்பார். செயின் ஓடும் பாரின் நீளம் 3 அடி. இன்றைய மிஷின்களில் முன்கை தட்டினால் செயினை நிறுத்தும் பிரேக் உண்டு. இதில் அது கிடையாது, அதிர்வைத் தாங்கும் ரப்பரும் கிடையாது. அரை நாள் ஓட்டினால் விரல் மரத்துவிடும். (மரத்துப்போவது என்ற சொல்லை மரம் அறுக்கிறவன்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.) பாரின் மூக்கு எதிலாவது மோதினால் மிஷின் மேலெழும்பி முகத்துக்கே வரும். அதனால் மூக்கால் மட்டும் அறுக்கவே மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மிஷினுக்குக் குளியல். பாரைக் கழற்றி, அதன் பள்ளத்தில் இறுகிக் கிடக்கும் தூளையும் ஆயிலையும் உடைந்த ஆக்ஸா பிளேடால் சுரண்டுவது என் வேலை. மாட்டும்போது போன வாரம் கீழே இருந்த விளிம்பு மேலே வர வேண்டும், இல்லையென்றால் ஒரே பக்கம் தேயும். செயினைச் சூட்டோடு இறுக்கக் கூடாது, ஆறினால் சுருங்கிப் பாரைக் கவ்விக்கொள்ளும். பிறகு அரம். பென்சில் மாதிரி உருண்டை அரம், எண்ணெய்த் துணியில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார். தள்ளும்போது அழுத்தம், திரும்பும்போது தூக்கிக்கொள்ள வேண்டும். பல் ஒன்று இடம் பார்க்கும், அடுத்தது வலம் பார்க்கும்.

"பல்லுக்கு மூணு, மாப்ள. ஒண்ணுக்கு மூணு, இன்னொண்ணுக்கு அஞ்சுன்னு போட்டா வெட்டு கோணிக்கும்."

இப்படி இடமும் வலமுமாகப் பல் வைக்கும் யோசனை ஒரு புழுவிடமிருந்து வந்தது என்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். 1946-ல் அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, அடிக்கட்டையைக் குடையும் வண்டுப்புழு இரண்டு பக்கமும் மாறி மாறிக் கடிப்பதைப் பார்த்துச் செயினை மாற்றியமைத்தாராம். சொன்னபோது மாமா சிரித்தார். "நம்ம மாமரத்துல இல்லாத புழுவா?"

சாலையை அகலப்படுத்த புளியமரங்களை ஏலம் விட்ட வருஷங்கள்தான் மிஷினுக்கு நல்ல காலம். சங்கராபுரம் சாலையில் இரண்டு பேர் கைகோத்தால்தான் வளைக்க முடிகிற மரங்கள். அவற்றின் நிழலில் கரும்பு வண்டி மாடுகள் மூச்சு வாங்கும், நாங்கள் பின்னால் போய்க் கரும்பு உருவுவோம். அறுப்புக்கு முன் மாமா கற்பூரம் ஏற்றி, உள்ளே இருப்பது எதுவானாலும் வேறு மரம் போகட்டும் என்று கும்பிடுவார். சாய வேண்டிய பக்கம் வாய் வெட்டி, பின்பக்கம் அறுத்து, இரண்டு விரல் கனத்துக்கு மட்டும் அறுக்காமல் விடுவார். அந்த இரண்டு விரல்தான் கதவுக் கீல் மாதிரி மரத்தைத் திருப்பிக் கீழே படுக்க வைக்கும்.

மரத்துக்குள்ளே ஆணி இருக்கும். டியூஷன் சென்டர் போர்டு ஆணி, பேய் இறக்கி அடித்த ஆணி எல்லாவற்றையும் பட்டை மூடியிருக்கும். கட்டையில் கறுப்புக் கறை தெரிந்தால் கை தானாக நிற்க வேண்டும். ஒருமுறை நிற்கவில்லை. பொறி பறந்து ஒரு பக்கத்துப் பற்கள் போய்விட்டன. மாமா அன்று அந்த ஆணியை நெம்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார், யாரிடமும் பேசவில்லை. புளியங்கட்டையில் உருண்டையான துண்டுகள் கறிக்கடைக்குப் போகும், மற்றது விறகுக்கு. வாகை கிடைத்தால் கள்ளக்குறிச்சி மரச்சிற்பக்காரர்கள் வந்து தட்டிப் பார்த்து வாங்குவார்கள். 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது.

பிறகு 3 அடி பாருக்கு வேலை இல்லாமல் போயிற்று. சவுக்குக்கும் தைலமரத்துக்கும் சின்ன மிஷின் போதும். அந்தச் சாலையில் இன்று கைகோத்து வளைக்க ஒரு மரம் இல்லை. 070 கொல்லையில் சாக்குக்குள் கிடந்தது.

2024 டிசம்பர் 2, ஃபெஞ்சல் புயல் வெள்ளம். விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி திறந்தார்கள். அகரம்பள்ளிப்பட்டில் திறந்து மூன்றே மாதமான பாலத்தைத் தென்பெண்ணை கொண்டுபோயிற்று. எங்கள் பக்கம் தண்ணீர் வடிந்தபோது கரையில் ஒரு நீர்மருது வேரோடு வந்து கிடந்தது. அப்படி ஒரு அடிமரத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம். மாமா சாக்கை அவிழ்த்தார். எத்தனை இழுத்தும் மிஷினுக்கு உயிர் வரவில்லை. கார்புரேட்டருக்குள் டயாபிரம் விறைத்துப்போயிருந்தது.

சின்ன மிஷினோடு ஒரு பையன் வந்து இரண்டு பக்கமும் மாறி மாறி அறுத்தான். மாமா கரையில் குந்தியிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய், கொட்டிய தூளை ஒரு பிடி அள்ளி விரலில் தேய்த்தார். மாவு.

"நிறுத்துடா."

"நேரமாவுது தாத்தா."

மாமா மிஷினை வாங்கி மருதின் மேலேயே சாய்த்து வைத்தார். இடுப்பிலிருந்து துணிச்சுற்றை எடுத்துப் பிரித்தார். கை நடுங்கியது, ஆனால் அரம் பல்லில் உட்கார்ந்ததும் நின்றுவிட்டது. பையன் பக்கத்தில் குனிந்து பார்க்க, அவர் வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார்.