பொருள் விளங்காத ஆறுதல்

2008 மார்ச்சில் பேகம்பேட் விமான நிலையத்திலிருந்து பயணிகள் விமானங்கள் விடைபெற்றன, இரவுகள் அமைதியாயின. அந்த அமைதியில் ஆய்வேடு எழுதிய மாணவி ஒருவருக்கு 'இந்தியன் ஓஷன்' இசைக்குழுவே துணை. 2000-இல் வெளிவந்த அவர்களது 'கந்தீசா' தொகுப்பின் தலைப்புப் பாடல், கேரளச் சிரியன் கிறித்தவர்களின் சிரியாக் மொழி வழிபாட்டில் வேர்கொண்டது. சொல்தோறும் பொருள் தேடும் ஆய்வாளரை, ஒரு சொல்லும் விளங்காத அப்பாடலே தேற்றியது.

2009 டிசம்பர் 25 அன்று, தபலா வாசித்தபடியே பாடும் அஷீம் சக்ரவர்த்தி மறைந்தார். 2013-இல் கிதார் கலைஞர் சுஸ்மித் சென் விலகினார். குழுவோ தொடர்ந்து இசைக்கிறது. ஆகவே அந்த ரசிகையின் பிரியாவிடை குழுவின் பெயருக்கன்று. துயர்மிகுந்த இரவுகளில் உடனிருந்த குரலுக்கு. அவரது ஆய்வேட்டின் நன்றியுரையில், நெறியாளருக்கு அடுத்து அஷீமின் பெயர் இருக்கிறது.