ஊர்ப் பெயரின் வாலைப் பிடித்தால்...

தஞ்சாவூரிலிருந்து காவிரியோடு கிழக்கே போகும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால், பெயர்ப் பலகைகளின் கடைசி எழுத்துகளைக் கவனியுங்கள். டெல்டாவின் பழைய நிலப்படம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் திருவையாறு. காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என ஐந்து ஆறுகளும் ஊர்ப் பெயருக்குள் அடக்கம். பக்கத்திலேயே திருப்பூந்துருத்தி. 'துருத்தி' என்றால் ஆற்றுக்கு இடையே அமைந்த திட்டு.

கும்பகோணம் தாண்டினால் வரிசையாகத் 'துறை'கள்: ஆடுதுறை, திருவாவடுதுறை, மயிலாடுதுறை. ஆற்றில் மக்கள் இறங்கிப் புழங்கும் இடம்தான் துறை. மாயூரம் 1982-ல் மயிலாடுதுறை ஆனபோது, ஆற்றங்கரை மறுபடி பெயருக்குள் வந்தது. ஆடுதுறையின் பெயரோ வயலுக்கே போய்விட்டது. 1922-ல் அங்கே தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களில் உள்ள 'ஏ.டி.டி.' என்பது ஆடுதுறைதான்.

கடலை நெருங்கினால் 'பட்டினம்'. காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம், அதிராம்பட்டினம் எல்லாமே கடற்கரை ஊர்கள். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் நாகையில் வணிகம் செய்தார்கள். நாம் சொல்லும் ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் அவர்கள் மொழி தந்தவை. அந்த மொழியிலும் வால்தான் இடத்தைச் சொல்லும். 'லிவ்ரு' என்றால் புத்தகம். 'லிவ்ரரியா' என்றால் புத்தகக் கடை!

சில ஊர்கள் வாலை இழந்துவிட்டன. நாகை அருகே உள்ள செம்பியன் மாதேவி, சோழர் காலத்தில் செம்பியன் மாதேவி சதுர்வேதிமங்கலம். வேதம் ஓதும் அந்தணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர் என்று அந்த 'மங்கலம்' சொன்னது. இன்று அரசியின் பெயர் மட்டும் மிச்சம். திருமறைக்காடு வேதாரண்யம் ஆனது. மறை வேதமானது, காடு ஆரண்யமானது. பொருள் மாறவில்லை, ஆனால் 'காடு' என்று காதில் விழுவதில்லை.

இப்போது வயல்களை மனையாக்கி வைக்கும் பெயர்கள் பெரும்பாலும் 'நகர்' என்றே முடிகின்றன. அது மேடா பள்ளமா, ஆற்றுப் படுகையா, குளக்கரையா என்று அந்த வால் எதையும் சொல்லாது. மனை வாங்கப் போகிறவர்கள் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது: "இந்த இடத்துக்குப் பழைய பேர் என்னங்க?"

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர் எங்கே வந்து நிற்கும் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடலாம்.