மயிலையின் கழுத்துப் பட்டை

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



'நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்' என்பார்கள். எங்கள் வீட்டில் போன ஐப்பசியில் நாயையே காணோம்!

மயிலை எங்கள் சிப்பிப்பாறை நாய். கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்து நண்பர்களுக்கு இந்த இனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூரிய மூஞ்சி. முயலை விரட்டிப் பிடிப்பதற்கென்றே வளர்த்த இனம். தாத்தா காலத்தில் வேட்டைக்குப் போனார்கள். இன்று 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் பிடிப்பது குற்றம். ஆகவே மயிலைக்கு அய்யாவின் ஆட்டுக்கிடையில் காவல் வேலைதான். ஆனால் சட்டம் நமக்குத்தானே தெரியும்? காட்டில் எது ஓடினாலும் அதன் கால் நிற்காது.

அப்படி ஒரு மழைச் சாயங்காலம் ஓடியது, இரண்டு ராத்திரி வரவில்லை. மூன்றாம் நாள் அய்யாதான் கண்டுபிடித்தார். ஓடைக்கரை வேலிக்கருவையில் கழுத்துக்கயிறு மாட்டிக்கொண்டு, படுக்கவும் முடியாமல் நின்றதாம். அன்றைக்கே முடிவு செய்தேன், என் புராஜெக்ட் இதுதான் என்று. நாயின் கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை!

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் பீகிள் போன்ற சிறிய வேட்டை நாய்களுக்கு இத்தகைய பட்டைகளைக் கட்டித்தான் காட்டில் விடுகிறார்கள். ஜி.பி.எஸ். பற்றி வகுப்பில் படித்திருக்கிறோம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால், இடம் தெரிந்துவிடும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. அதை நிறுத்திய பிறகுதான் நம்மைப் போன்றவர்களுக்கும் சில மீட்டர் துல்லியம் கிடைத்தது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. ஜி.பி.எஸ். கேட்கும், பேசாது. கிடைத்த இடத்தை நமக்குச் சொல்ல வேறொரு கருவி வேண்டும். நான் நியோ-6எம் ஜி.பி.எஸ். மாட்யூலோடு சிம்800எல் மாட்யூலைச் சேர்த்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என் போனுக்குக் குறுஞ்செய்தி வரும்.

எடையையும் பார்த்தேன். பட்டையின் எடை விலங்கின் எடையில் 3 முதல் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வனவிலங்கு ஆராய்ச்சியாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். மயிலையின் எடை 13 கிலோ. 3 சதவீதம் என்றால் 390 கிராம். என் பட்டை 380 கிராம். பாஸ்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கட்டிவிட்டேன்.

முதல் நாளே தகராறு. ஆன்டெனா வானத்தைப் பார்க்க வேண்டும் என்று பெட்டியைப் பிடரிப் பக்கம் வைத்திருந்தேன். மயிலை நாலு எட்டு ஓடியதும் கனமான பெட்டி சுழன்று தொண்டைக்கு வந்துவிட்டது. ஆன்டெனா தரையைப் பார்த்தது, இடம் கிடைக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டையை இன்னும் இரண்டு ஓட்டை இறுக்கினேன். பெட்டி அசையவில்லை, செய்தி ஒழுங்காக வந்தது. ரிவியூவுக்கு விட்டுப்போகாத வரைபடம் வேண்டும் என்பதற்காக ஐந்து நாள் இரவும் பகலும் கழற்றவே இல்லை. ஹாஸ்டலில் உட்கார்ந்து போனைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனேன். நண்பர்களிடமெல்லாம் காட்டினேன்.

ஆறாம் நாள் ஊருக்குப் போனேன். அய்யா ஒன்றும் பேசவில்லை.

"ஏலே, இங்க வா. கையக் கொண்டா" என்றார். என் விரலைப் பிடித்துப் பட்டைக்கு அடியில் நுழைத்தார். விரல் நுழையவே இடமில்லை. உள்ளே பிசுபிசுவென்று ஈரம். வெளியே எடுத்தால் சீழ் நாற்றம்.

"போன்லயே நாயப் பாத்த. நாயப் போயிப் பாத்தியாலே?"

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நாய் கடிக்கவும் இல்லை, உறுமவும் இல்லை. வலியோடேயே கிடையைச் சுற்றி வந்திருக்கிறது. என் வரைபடத்தில் அந்தக் கோடுகள்தான் அழகாக இருந்தன!

கால்நடை மருந்தகத்தில் டாக்டர் முடியை மழித்து, கழுவி, களிம்பு கொடுத்தார். புண் ஆறும்வரை பட்டையே கூடாது என்றார். இறுக்கமும் ஈரமும் ஓயாமல் ஒரே இடத்தில் அழுத்துவதும் சேர்ந்தால் தோல் அழுகாமல் என்ன செய்யும்?

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. என் டிசைனில் இருந்த குறையை நான் சரிசெய்யவில்லை. அதைத் தூக்கி மயிலையின் கழுத்தில் இறக்கிவிட்டேன். எடை கணக்கில் பாஸ் ஆகியிருக்கலாம். அந்த எடை எங்கே உட்காருகிறது, எவ்வளவு அகலத்தில் பரவுகிறது, எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை.

இரண்டாவது பட்டையை அய்யாவோடு உட்கார்ந்து செய்தேன். கனமான பேட்டரியும் பெட்டியும் தொண்டைக்குக் கீழே போயின. ஆன்டெனா மட்டும் தனியாகப் பிடரியில். இப்போது கனம் தானாகவே கீழே நிற்கும், ஆன்டெனா தானாகவே மேலே பார்க்கும், இறுக்க வேண்டிய அவசியமே இல்லை! அரை இஞ்ச் நாடாவுக்குப் பதில் ஒன்றேகால் இஞ்ச் தோல்பட்டை. பெட்டியின் விளிம்புகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். போர்டையும் பேட்டரியையும் சிறிதாக்கியதில் எடை 210 கிராமாக இறங்கியது.

வேலிக்கருவையில் மாட்டினால் என்ன செய்வது என்று கேட்டேன். அய்யா பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டி, பட்டைக்கு நடுவே வைத்துத் தைத்தார். "மாட்டுனா இழுத்துக்கிட்டு வந்துரும். பட்ட போனாப் போவுது, நாய் வரணும்ல" என்றார். பள்ளிக்கூடம் போகாதவர் சொன்ன டிசைன் இது நண்பர்களே!

இனி யாராவது நாய்க்குப் பட்டை கட்டுவதானால், நான் அடிபட்டுக் கற்றது இது:

கட்டிய பிறகு இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். தினமும் ஒருமுறை கழற்றி முடியை விலக்கித் தோலைப் பாருங்கள். ராத்திரி கழற்றிவிடுங்கள், நாய்க்கும் ஓய்வு, பேட்டரிக்கும் சார்ஜ். கழுத்தில் இருக்கும்போது சார்ஜ் போடவே கூடாது. மழையில் நனைந்தால் கழற்றிக் காயவையுங்கள். லித்தியம் பேட்டரியை நாய் கடித்து ஓட்டை போட்டால் தீப்பிடிக்கும், ஆகவே கெட்டியான பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். உப்பிய பேட்டரியைத் தூக்கி ஒதுக்குங்கள். நாய் சிறியதாகச் சிறியதாகக் கணக்கு இன்னும் கடுமை. 5 கிலோ நாய்க்கு 3 சதவீதம் வெறும் 150 கிராம்தான். பொந்துக்குள் நுழையும் நாயானால் மண்ணுக்கடியில் ஜி.பி.எஸ். எடுக்காது, பட்டையும் மாட்டிக்கொள்ளும். அங்கே அதை நம்பக்கூடாது.

புராஜெக்ட் வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வரைபடத்தைப் பார்த்தார். "என்னப்பா, தினமும் ராத்திரி டேட்டா இல்லையே?" என்றார்.

பழைய ஐந்து நாள் வரைபடம் என் பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை.

"ராத்திரி கழற்றிவிடுவோம் சார். கழுத்து புண்ணாகும்" என்றேன்.

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். மார்க் எழுபத்தெட்டு. தொண்ணூறு எதிர்பார்த்திருந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

நண்பர்களே, நாளைக்கு நாம் மோட்டார் செய்வோம், பாலம் கட்டுவோம், போர்டு டிசைன் செய்வோம். அதைச் சுமக்கப்போகிறவர் எல்லோரும் வாய் திறந்து வலியைச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் விரலை விட்டுப் பார்க்க வேண்டும்.

மயிலையின் கழுத்தில் முடி திரும்ப முளைத்துவிட்டது. ஒரு ரூபாய் அகலத்துக்கு மட்டும் முளைக்கவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் முதலில் அந்த இடத்தைத்தான் தடவிப் பார்க்கிறேன்.