தண்ணீர்மலைப் படிகளில் அடைக்கும் காது

பினாங்கு தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படிகள். சாமி கும்பிட வருவோரோடு, உடற்பயிற்சிக்காக ஏறுவோரும் காலையிலேயே வந்துவிடுகிறார்கள்.

பாதிப் படி தாண்டியதும் சிலருக்குக் காது அடைக்கும். எனக்கும்தான். வெளிச்சத்தம் மங்கி, என் மூச்சே காதுக்குள் புயலாய் இரைகிறது. வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்கு, சொந்தக் குரல் மண்டைக்குள் முழங்கினால் பயம் வராதா?

பக்கத்துக் கொடிமலை ரயிலில் போனாலும் காது அடைக்கும். அது உயரத்தில் காற்றழுத்தம் மாறுவதால் வருவது. எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். படியேறும்போது வருவது பெரும்பாலும் வேறு. நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் ஒரு குழாய் உண்டு. வழக்கமாக மூடியிருக்கும் அது, கடும் பயிற்சியிலும் உடம்பில் நீர் குறையும்போதும் சிலருக்குத் திறந்தே நின்றுவிடுகிறது. அடைப்பு என்கிறோம், உண்மையில் திறப்பு! வேகமாக எடை குறைத்தவர்களுக்கும் இது வரும்.

ஆகவே மூக்கைப் பிடித்து ஊதிப் பயனில்லை. மூக்கை உறிஞ்சினால் அடங்கும்தான். அதையே பழக்கமாக்கினால் செவிப்பறை உள்வாங்கக்கூடும். படியோரம் உட்கார்ந்து தலையை முழங்கால்களுக்கிடையே தாழ்த்துங்கள். ரத்தம் இறங்கி, குழாயைச் சுற்றிய சதை உப்பி, வாய் மூடிக்கொள்ளும். தண்ணீரும் குடியுங்கள். ஓய்வெடுத்தும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால் அன்றைக்கே.

குனிந்து உட்கார்ந்தால், “மயக்கமா தம்பி?” என்று யாராவது ஓர் அக்கா கட்டாயம் கேட்பார். காதைத் தொட்டுக் காட்டினால் போதும்.